வடிவேல் வீட்டுத் தேத்தண்ணி

கூடலூரில் மகளிர் தின விழா ஒன்றில் ஆண்டாயிக்குச் சால்வை போர்த்தினார்கள். ஓவேலிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் இருபது வருடமாகச் சண்டை தீர்த்து வைப்பவர், ஒரு பக்கம் சாய்ந்தார் என்று யாரும் விரல் நீட்டாதவர் என்று அறிமுகம் செய்தார்கள். தொகுத்து வழங்கிய பெண் மைக்கை நீட்டினார்.

“இந்த நியாய உணர்வு உங்களுக்கு எங்கேருந்து வந்ததும்மா?”

“வயித்தெரிச்சல்ல இருந்துங்க.”

கூட்டம் சிரித்தது. ஆண்டாயி சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை.

சண்டை தீர்ப்பவருக்கு இந்த மலையில் ஆளுக்கொரு பெயர். படகர் ஊர்களில் கௌடர். மலையாளிகள் மத்தியஸ்தன் என்பார்கள். கோர்ட் வாசலில் சமரசர் என்று பலகை இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் வாழும் லயங்களில் அந்த ஆளுக்கு நடுவாள் என்று பெயர். மைதானத்துப் பையன்கள் ஆண்டாயியை ‘தேர்டு அம்பயர்’ என்று முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள். அது மட்டும் அவருக்குப் பிடிக்கும். “அவரு டிவியைப் பாத்துதான் சொல்லுவாரு, யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டாரு” என்பார்.

வயது அறுபதை நெருங்குகிறது. சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்று, தங்கை ரஞ்சனியின் லயத்தை ஒட்டி ஒரு அறை போட்டுக்கொண்டு இருக்கிறார். வெற்றிலை போடுவார். இரண்டு கோழி வளர்க்கிறார். வடிவேல் என்ற ஒரு மனிதரை இருபது வருடத்துக்கு மேலாக வெறுக்கிறார். மற்ற எல்லாம் அந்த வெறுப்பிலிருந்து வந்தவை.

நடுவாளுக்கு ஒரு முறை உண்டு. கண்டித் தோட்டங்களிலிருந்து கூடவே வந்த முறை என்கிறார்கள். வழக்கைக் கேட்கும் முன் இரண்டு தரப்பு வீட்டுக்கும் போய் உட்கார வேண்டும். பால் ஊற்றாத தேத்தண்ணி வைப்பார்கள். கோப்பையைத் தொடும் முன் நடுவாள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும்: “உங்களுக்கும் எனக்கும் பகை இருக்கா?” இல்லை என்றால் குடித்துவிட்டு வழக்கை எடுக்கலாம். இருக்கிறது என்றால் என்ன பகை என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகும் எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் வழக்கு நடக்கும். பதில் பொய் என்று நடுவாளுக்குத் தெரிந்தால் கோப்பையைத் தேத்தண்ணியோடு கவிழ்த்துவிட்டு எழுந்துவிடலாம். தரையில் தேத்தண்ணி ஓடிய வீட்டுக்கு வேறு நடுவாள் வரமாட்டார்.

அந்த நாளில் நடுவாளாக இருந்தவர் வடிவேல். யூனியன் தலைவரும் அவரே. லயமே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். எஸ்டேட் ஸ்டோரில் உர மூட்டைகள் காணாமல் போனபோது, மானேஜர் தரப்பு கைகாட்டியது ஆண்டாயியின் கணவர் அய்யாவுவை. அய்யாவு கவாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவில் சீராக வெட்டி நிறுத்துவதில் அவரைத்தான் முன்னால் விடுவார்கள். போலீஸ் வேண்டாம், வடிவேல் விசாரிக்கட்டும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன.

வடிவேல் மானேஜர் பங்களாவில் தேத்தண்ணி குடித்தார். பிறகு அய்யாவு வீட்டுக்கு வந்தார். கோப்பையை வைத்தது ஆண்டாயி. “நமக்குள்ள பகை இருக்கா அய்யாவு?” என்று கேட்டார். “நமக்குள்ள என்னா தலைவரே” என்று அய்யாவு சிரித்தார். வடிவேல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மறுநாள் மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கூடையோடு நின்ற அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்.

“அய்யாவுதான் எடுத்திருக்கான். நான் விசாரிச்சுட்டேன்.”

அடுத்த மாதம் வடிவேலின் மகன் வெற்றிச்செல்வன் அதே எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை ஆனான். பத்தாம் வகுப்பு தாண்டாத பையனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை எப்படி வந்தது என்று லயத்தில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வேலை போன அய்யாவு மசினகுடிக்குப் போய் ஒரு ரிசார்ட்டில் காவலுக்கு நின்றார். இரண்டாவது மழைக்காலத்தில், வேலைக்குப் போகும் வழியில், யானை அடித்துச் செத்தார். செத்து வாரங்கள் ஓடிய பிறகும் தண்ணீர்க் குழாயடியில் அவருக்கு ‘உரத் திருடன்’ என்றுதான் பெயர்.

ஆண்டாயி அழுதார், பிறகு யோசித்தார். வடிவேலை அடிக்க முடியாது, வழக்குப் போட முடியாது. அவரிடம் இருந்ததில் பெரியது எது? மகனின் வேலை இல்லை, யூனியன் பதவியும் இல்லை. சண்டை என்றால் ஊரே அவர் வாசலுக்குப் போனதே, அதுதான். அதைப் பிடுங்குவது என்று முடிவு செய்தார்.

முதல் வழக்கு ஒரு பலா மரம். இரண்டு வீட்டுக்கு நடுவே நின்ற மரத்தில் எந்தப் பக்கம் காய்த்தது யாருக்கு என்ற சண்டை. இரண்டு பெண்களும் வடிவேலிடம் போகக் கிளம்பியபோது ஆண்டாயி வழிமறித்து, “என்கிட்ட சொல்லுங்க, பிடிக்கலைன்னா அவர்கிட்ட போங்க” என்றார். ஒரு முழு மாலை இரண்டு பேரையும் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்படி யாரும் அவர்களைக் கேட்டதில்லை. தீர்ப்பைவிட அதுவே அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் வடிவேலிடம் போகவில்லை. அன்று ஆண்டாயிக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆட்டுக்குட்டி, வேலி, சொல்லாமல் ஓடிப்போன மகள், குடித்துவிட்டுப் பேசிய பேச்சு. ரஞ்சனிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கோழிக்கூண்டு வைத்த இடம் பற்றி வழக்கு வந்தபோது, பகை இருக்கிறதா என்ற கேள்விக்கு ரஞ்சனி, “நீ எனக்கு அக்கா, வேற என்னா இருக்கு” என்றாள். கூண்டைத் தங்கைதான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ரஞ்சனி மூன்று தீபாவளிக்குப் பேசவில்லை.

“ஏன்க்கா அப்படிச் செஞ்ச?” என்று பின்னாளில் கேட்டாள்.

“உன் பக்கம் சொல்லியிருந்தா வடிவேலு சிரிச்சிருப்பான்” என்றார் ஆண்டாயி.

அந்த அளவுக்கு எளிமையான காரணம். தவறான ஒரு தீர்ப்பு சொன்னாலும் ஆட்கள் திரும்ப வடிவேலிடம் போய்விடுவார்கள். அதனால் அவர் தவறவில்லை. பத்து வருடத்தில் வடிவேல் வாசலில் செருப்பு கிடப்பது நின்றுபோனது. தலைவர் என்ற பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. கூப்பிட்டு ஒரு வேலையும் ஆகாத பெயர். மகன் கணக்கப்பிள்ளை வேலையை உதறிவிட்டுத் திருப்பூருக்குப் போனான். வடிவேல் ஓய்வு பெற்று, எஸ்டேட் எல்லைக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் ஓட்டு வீடு கட்டி, மனைவி இசக்கியம்மாவோடு குடியேறினார்.

ஆண்டாயிக்கு அது போதவில்லை. வடிவேல் வாயால், அய்யாவு எடுக்கவில்லை என்று கேட்க வேண்டும். அது நடக்காமல் தனக்குச் சாவு வரக்கூடாது என்று மாரியம்மனிடம் சொல்லி வைத்திருந்தார்.

போன வருடம் கோடையில் வழி திறந்தது. வடிவேல் வீட்டுக்குத் தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாயில் வரும். குழாய் வரும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டத்தை ஸ்டெபின் என்ற மலையாளி இளைஞர் வாங்கினார். பழைய சொந்தக்காரர் வாய்ச்சொல்லாக விட்ட குழாய் அது. செடிகளுக்கு நடுவே மேலாகக் கிடந்தது. ஒழுகி வேர் அழுகியது. பறிக்கிற பெண்கள் தடுக்கி விழுந்தார்கள். ஸ்டெபின் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வடிவேல் பழைய தலைவர் தோரணையில் விரலை நீட்டினார். மூன்றாவது முறை ஸ்டெபின் குழாயை அறுத்துவிட்டார்.

ஸ்டேஷனில், சிவில் விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல், வருடக்கணக்கில் ஆகும் என்றார். வடிவேல் ஸ்டெபினிடமே போய், பேசித் தீர்த்துக்கொள்ளலாம், யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டார்.

“ஆண்டாயி சேச்சி மதி, போதும். சேச்சி பறஞ்சா ஞான் கேக்கும். வேற ஆரு வந்தாலும் வேண்டா.”

ஒரு வாரம் வடிவேல் யோசித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் காலையில், வெள்ளை வேட்டி கட்டி, ஆண்டாயியின் அறை வாசலில் வந்து நின்றார். ஆண்டாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஆண்டாயி.”

“யாரு, தலைவரா? வழி தெரிஞ்சு வந்தீங்களா, இல்ல யாராச்சும் காட்டுனாங்களா?”

“தண்ணி விஷயம் கேள்விப்பட்டிருப்ப.”

“கேள்விப்பட்டேன். அன்னைக்குப் பாயசம் வச்சேன்.”

வடிவேல் கோபப்படவில்லை. “நீ வந்து உக்காரணும். அந்தப் பய உன் பேரைத்தான் சொல்றான்.”

“வர்றேனே. முறைன்னு ஒண்ணு இருக்கே தலைவரே, அது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல தானே?”

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் ஸ்டெபின் வீடு. “பகையா? சேச்சியோடா?” என்று ஸ்டெபின் சிரித்தார். ஆண்டாயி குடித்தார். பிறகு வடிவேல் வீடு. வேடிக்கை பார்க்க லயத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. இசக்கியம்மா லயத்துக் குழாயில் பிடித்துச் சுமந்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆண்டாயி குரலை உயர்த்திக் கேட்டார்.

“தலைவரே, உங்களுக்கும் எனக்கும் பகை இருக்கா?”

வடிவேல் கூட்டத்தைப் பார்த்தார். “நமக்குள்ள என்னா பகை? ஒரே கப்பல்ல வந்த சனம்.”

ஆண்டாயி கோப்பையை எடுத்தார், கவிழ்த்தார். தேத்தண்ணி சிமென்ட் தரையில் ஓடி வடிவேலின் கால்விரலைத் தொட்டது. எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு தண்ணீர் சுமந்தது வடிவேல் இல்லை. அவருக்கு இடுப்பு வலி. முழங்கால் வீங்கிய இசக்கியம்மா, நீலக் குடமும் எண்ணெய் டின்னுமாக, ஏற்றத்தில் லயத்துக் குழாய்க்கு வந்து போனார். வழி ஆண்டாயியின் வாசலைத் தாண்டித்தான். ஆண்டாயி உள்ளே போய்விடவில்லை, உட்கார்ந்து பார்த்தார்.

ரஞ்சனியால் பொறுக்க முடியவில்லை. “அக்கா, அவ என்னா பண்ணுனா? அவ காலைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாவம்க்கா.”

“பாவந்தான். என் புருஷன் என்னா பண்ணுனான்? அவன் மசினகுடிக்கு நடந்தப்ப இவ ஊட்டுல மகனுக்குப் புதுச் சட்டை எடுத்தாங்க. இவளும் கூடத்தானே போனா.”

“உனக்குக் கல்லு மனசு.”

“அந்தக் கல்லை அவந்தான் வச்சான். எடுக்க வேண்டியதும் அவந்தான்.”

லயத்தில் பேச்சு மாறத் தொடங்கியது. சால்வை போர்த்தியவர்களில் ஒருவரே, நடுவாளுக்கு இது அழகா என்று கேட்டார். ஒரு வேலித் தகராறு அவரிடம் வராமல் பஞ்சாயத்து மெம்பரிடம் போனது. ஆண்டாயி கணக்குப் போட்டுப் பார்த்தார்: இருபது வருடமாகச் சேர்த்த பெயர் போகும். போகட்டும். அந்தப் பெயரைச் சேர்த்ததே வடிவேலுக்காகத்தான்.

மழைக்கு முன்னால் இசக்கியம்மா ஏற்றத்தில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று மாலையே வடிவேல் ஆள் அனுப்பினார். ஆண்டாயி போனார், ஸ்டெபினையும் கூட்டிக்கொண்டு, வழியில் கண்டவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். கவிழ்த்தவரே திரும்ப வரலாம், அதற்கு முறையில் இடம் உண்டு. கோப்பை வைக்கப்பட்டது. அதே கேள்வி.

“இருக்கு” என்றார் வடிவேல்.

“என்னா பகை?”

“உனக்குத் தெரியும் தானே.”

“எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரிய வேணாமா?”

வடிவேல் தரையைப் பார்த்துச் சொன்னார். “உரத்தை அய்யாவு எடுக்கல. எனக்கு அப்பவே தெரியும். மகனுக்கு வேலை தர்றேன்னாங்க. நான் மாத்திச் சொன்னேன்.”

இசக்கியம்மா கட்டிலில் படுத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆண்டாயி கோப்பையைத் தொடவில்லை.

“இங்க பத்துப் பேருதான் இருக்கோம் தலைவரே. அன்னைக்கு நீங்க சொன்னது மடுவத்துல. நாளைக்கு நிறுவை நேரத்துக்கு வந்து அங்க சொல்லுங்க. பொறவு குடிக்கிறேன்.”

“என்னைக் கொன்னுரு ஆண்டாயி.”

“அது யானை பாத்துக்கும். நீங்க வந்து சொல்லுங்க.”

மறுநாள் மாலை வடிவேல் தடியை ஊன்றிக்கொண்டு மடுவத்துக்கு வந்தார். ஆண்டாயி ஏற்கெனவே தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை பாலு, ரஞ்சனியின் மகன், தலையில் அடித்துக்கொண்டாலும் நிறுவையை நிறுத்தினான். வடிவேல் நடுவே போய் நின்று, இருமிக்கொண்டு, முந்தின நாள் வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லி முடித்துக் கையைக் கூப்பினார்.

கூடை சுமந்து நின்ற பெண்கள் அவரைப் பார்த்தார்கள். பாக்கு மென்றார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கேட்டாள், அவள் தோளைக் குலுக்கினாள். பின்னால் ஒரு போன் பாடியது.

ஆண்டாயிக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடமாக அவர் மனதில் இந்த மடுவத்தில் நின்ற முகங்கள் எவையும் இங்கே இல்லை. பாதிப்பேர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று பிள்ளைகளோடு போய்விட்டார்கள். சிலர் செத்துவிட்டார்கள். இப்போது கொழுந்து பறிப்பவர்கள் எல்லோரும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். வடிவேல் சொன்னதில் ஒரு சொல்கூட அவர்களுக்குப் புரியவில்லை. வடிவேலுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்து போனதை ஆண்டாயி பார்த்துவிட்டார்.

“பாலு, இவங்ககிட்ட இந்தியில சொல்லு.”

“பெரியம்மா, வேணாம். கொழுந்து வாடுது.”

“வாடட்டும். சொல்லு. அவரை ஒவ்வொண்ணா திரும்பச் சொல்லச் சொல்லு, நீ ஒவ்வொண்ணா மாத்து. ஒண்ணும் முழுங்காத.”

வடிவேல் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று, துண்டு துண்டாக. உரத்தை அய்யாவு எடுக்கவில்லை. பாலு இந்தியில். எனக்கு அப்பவே தெரியும். பாலு இந்தியில். மகனுக்கு வேலை. இந்த இடத்தில் பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்த விஷயம் எந்த ஊரிலும் புரியும். வடிவேலின் தலை ஒவ்வொரு துண்டுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. முதல் முறை ஒரே மூச்சில் சொல்லித் தப்பித்ததை இந்த முறை ஒவ்வொரு பார்வையாக வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

பூல்மணி என்ற பெண் கையைத் தூக்கி ஏதோ கேட்டாள்.

“அய்யாவுன்னா யாருன்னு கேக்குது” என்றான் பாலு.

ஆண்டாயி இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: “என் புருஷன்னு சொல்லு. கவாத்துக்காரருன்னு சொல்லு. கோயிலுக்கு மேல, இவங்க இன்னைக்குப் பறிச்சுட்டு வந்தாங்களே, அந்தக் காடு முழுக்க அவரு கத்தி பட்ட செடின்னு சொல்லு. களவாணி இல்லன்னு சொல்லு.”

பாலு சொன்னான். பூல்மணி தன் கூடையிலிருந்த கொழுந்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக வடிவேல் வீட்டுக்கு நடந்தார்கள். கோப்பை வைக்கப்பட்டது. ஆண்டாயி முறையை விடவில்லை.

“உங்களுக்கும் எனக்கும் பகை இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும் இருக்கு. ஸ்டெபினு, நீ கேட்டுட்ட. சம்மதமா?”

ஸ்டெபினுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எதிராளி மேல் தீராப் பகை உள்ள நடுவாள் யாருக்குக் கிடைப்பார்? “நூறு சம்மதம் சேச்சி! ஒரு கொழப்பமும் இல்லா” என்று நாற்காலியைக்கூட முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆண்டாயி தேத்தண்ணியைக் குடித்தார். இரண்டு பேரையும் கேட்டார், குறுக்கே பேசாமல். தோட்டத்தில் இறங்கிக் குழாய் போன தடத்தைப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார். ஊற்று யாருக்கும் சொந்தமில்லை, குழாய் பழையபடி வரும். வடிவேல் தன் செலவில் அதை வேலி ஓரமாக மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஒழுகினால் அன்றே அடைக்க வேண்டும். மேல்முனையில் ஸ்டெபினின் ஆட்கள் குடிக்க ஒரு குழாய் விட வேண்டும்.

ஸ்டெபின் எழுந்துவிட்டார். “சேச்சி! பகை உண்டுன்னு பறஞ்சல்லோ!”

“உண்டு. அதுக்கு நீ சம்மதமும் சொன்ன. தண்ணி மேல எனக்கு என்னாப்பா பகை?”

ஸ்டெபின் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். சொன்ன சொல்லுக்காக மறுநாள் அறுத்த குழாயைத் தானே கொண்டுவந்து போட்டார்.

இசக்கியம்மா கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து இன்னொரு கோப்பை நிறைத்துக் கொண்டுவந்தார். “இன்னும் கொஞ்சம் குடி ஆண்டாயி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.”

“வழக்கு முடிஞ்சுதுக்கா. இனி இந்த ஊட்டுல பச்சைத் தண்ணியும் எனக்கு எறங்காது.” இசக்கியம்மாவிடம் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வடிவேல் வாசல்வரை வந்தார். “சொல்லச் சொன்ன, சொன்னேன். இந்திக்காகத் திரும்பச் சொல்லச் சொன்ன, அதையும் செஞ்சேன். இன்னும் என்னா வேணும் உனக்கு?”

“ஒண்ணும் வேணாம். நல்லாத் தண்ணி குடிங்க. நெடுநாளு இருங்க தலைவரே.”

வெற்றிலைச் சாற்றை வடிவேலின் வேலியோரம் துப்பிவிட்டு ஆண்டாயி ஏற்றத்தில் நடந்தார்.

இப்போது ஜார்க்கண்ட் பெண்களும் சண்டை என்றால் அவரிடம்தான் வருகிறார்கள், பாலுவை இழுத்துக்கொண்டு. அவர்கள் வைத்த பெயர் ‘பஞ்ச் மா’, பஞ்சாயத்து அம்மா. சால்வைக்காரர்கள் மறுபடி விழாவுக்குக் கூப்பிட்டார்கள், ஆண்டாயி போகவில்லை.

ரேஷன் கடைக்கு மடுவத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நிறுவை நேரத்தில் வடிவேல் அந்தப் பக்கம் வருவதைத் தவிர்க்கிறார். சில நாள் கடை திறக்கத் தாமதமாகி, வந்து மாட்டிக்கொள்வார். வேலைக்குப் புதிதாக வந்தவள் யாராவது அந்தக் கிழவர் யாரென்று கேட்பாள். பூல்மணி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மொழியில் நீளமாகச் சொல்வாள். தராசுப் பக்கம் சும்மா வந்து நிற்கும் ஆண்டாயிக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஆனாலும் முழுதாகக் கேட்பார். நடுவே, அந்த அந்நியப் பேச்சுக்குள், அய்யாவு என்ற பெயர் இரண்டு மூன்று முறை வரும்.